பிரேக் சாரும் சிவப்பு விளக்கும்

எங்கள் வீட்டுக்காரருக்கு வெளியில் பிரேக் சார் என்று பெயர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் அவர் உத்தியோகம். லாரிக்கு நேர் முன்னால் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டுத் திருதிருவென்று முழிப்பவர்களிடமும், ரிவர்ஸில் போட்டுவிட்டு முன்னால் பார்ப்பவர்களிடமும் அவர் சொல்வது ஒன்றேதான். "ஒண்ணும் ஆகாது."

வீட்டிலும் அதே பல்லவிதான். பால் பொங்கி அடுப்பை அணைத்தாலும் ஒன்றும் ஆகாது. எனக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றபோதும் ஒன்றும் ஆகாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் பதறினால்தானே நாம் ஆறுதல் சொல்ல முடியும்? அந்த வாய்ப்பையே தரமாட்டார்.

இப்படி ஒருவருக்கு எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம் என்றால் யாரும் நம்புவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் மறைத்த ஒரே விஷயம் அதுதான். அவர் வாசிப்பார், அவர் தங்கை பாடுவாள். என் நாத்தனார் ஒரு பெரிய துணிக்கடையில் மைக்கில் அறிவிப்பு செய்பவள். கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் சட்டை நிறத்தை அவள் சொன்னால், அழுதுகொண்டிருக்கும் அம்மாவே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திக் கேட்பாள். அப்படி ஒரு குரல். எனக்கும் அவளுக்கும் ஆகாத விஷயங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தக் குரலைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் பழைய குரல் அப்படியே திரும்பும் என்று அடித்துச் சொல்லமுடியாது என்றார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, தானும் அண்ணனும் சேர்ந்து கட்டிய பாட்டை ஒரே மூச்சில் பாடிப் பதிவு செய்துவிட்டு, "அண்ணா, கிட்டார் சேர்த்துக் குடு. உள்ள போறதுக்கு முன்னாடி முழுசா ஒரு தடவை கேட்டுடறேன்" என்றாள்.

"குடுக்கறேன். ஒண்ணும் ஆகாது, போ" என்றார் இவர். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின ஞாயிறு மதியம் வரைக்கும் பாட்டு முடிந்தபாடில்லை.

விஷயம் இதுதான். இன்டர்ஃபேஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். ஒரு பக்கம் கிட்டார் கேபிள், மறுபக்கம் கம்ப்யூட்டர். உள்ளே போகும் சத்தம் அளவோடு இருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், மிஞ்சினால் சிவப்பு. இவர் வாசித்தால் சிவப்புதான். திரும்பப் போட்டுக் கேட்டால் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரவென்று வருகிறது. முதலில் கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். அதே கரகரப்பு, கொஞ்சம் மெதுவாக.

பெட்டியை விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "சார், அது வாசல்லயே வெட்டுப்பட்டுப் போச்சு. உள்ள வந்தப்புறம் குறைச்சு என்ன பிரயோஜனம்? பெட்டியில கெயின்னு ஒரு குமிழ் இருக்கு பாருங்க, அதைக் குறைங்க. பாட்டுல எந்த இடத்துல ரொம்ப ஓங்கி அடிப்பீங்களோ, அதை அடிச்சுப் பார்த்துட்டு வைங்க."

அப்படியே செய்தார். அடித்துப் பார்த்தால் பச்சை. நிஜமாகப் பதிவு செய்தால் சிவப்பு. இன்னும் கொஞ்சம் குறைப்பார். மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு. இதற்கு நடுவில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தி வைத்திருந்தார். சத்தம் கேபிள் வழியாகத்தான் போகிறது, ஃபேன் காற்று அதில் ஏறாது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கட்டிலில் துணி மடித்துக்கொண்டு நான் வெந்துகொண்டிருந்தேன்.

"பெட்டியைக் கடைக்காரன் தலையிலயே கட்டிட்டு வாங்க" என்றேன்.

"பெட்டி நல்ல பெட்டிதான். ஒண்ணும் ஆகாது."

ஆத்திரத்தில் துணியை வைத்துவிட்டு அவரையே பார்க்க ஆரம்பித்தேன். சோதித்துப் பார்க்கும்போது ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. புதிதாக வண்டி பழக வந்தவருக்குக் கியர் போட்டுக் காட்டுவது போல, மெத்தென்று நாலு தட்டு தட்டினார். பிறகு ஹெட்போனைக் காதில் மாட்டினார், பதிவை ஆரம்பித்தார். தங்கையின் குரல் அவர் காதுக்குள் ஓடத் தொடங்கியது. எனக்குக் கேட்காவிட்டாலும் பாட்டு எங்கே போகிறது என்று தெரியும். 'நான் வரும்வரை விளக்கை அணைக்காதே' என்ற வரி வந்தபோது அவர் தாடை இறுகியது. கை ஓங்கி விழுந்தது. சிவப்பு.

பழுது பெட்டியில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, சோதிச்சுப் பாக்கறப்ப அவ பாட்டை ஓட விடறீங்களா?"

"அது எதுக்கு? கிட்டார் சத்தம்தானே பாக்கறேன்."

"ஓட விட்டு வாசிங்க. நான் விளக்கைப் பாத்துக் குறைக்கறேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

கிட்டாரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "பதிவு பண்றப்ப கேட்டுத்தான் ஆகணும். அதுக்கு மேல அவ குரலைக் கேக்க முடியல எனக்கு" என்றார்.

என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை காலத்தில் 'முடியல' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "நான் பக்கத்துலதான இருக்கேன். வாசிங்க."

வாசித்தார். அந்த வரி வந்தது, சிவப்பு எரிந்தது, குமிழைக் குறைத்தேன். மறுபடி அந்த வரிக்கே போனோம். மறுபடி சிவப்பு, மறுபடி குறைத்தேன். குமிழ் அடிமட்டத்துக்கே வந்துவிட்டது.

"இதுல இனிமே திருக இடமில்ல. கிட்டார்லயே ஒரு குமிழ் இருக்கே, அதைக் குறைங்க."

"அதைக் குறைச்சா சத்தத்துல பளபளப்பு போயிடும்."

"பளபளப்பு போனா போகட்டும், பாட்டு உடையாம வருமில்ல."

ஒரு மயிரிழை திருப்பினார். வாசித்தார். அந்த வரி வந்தபோது முன்னைவிட ஓங்கித்தான் அடித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. விளக்கு பச்சையாகவே இருந்தது. "நிறுத்தாதீங்க, இப்படியே பதிவு பண்ணுங்க" என்றேன். பண்ணினார்.

வியாழன் காலை மருத்துவமனை அறையில், பச்சை அங்கியும் தலையில் தொப்பியுமாக என் நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்த வரி தாண்டியதும் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"அண்ணா, இந்த இடத்துல அழுதியா?"

இவர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வலது கால் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கைத் தேடி. பிறகு காலைத் தளர்த்தினார்.

"ஆமா. பயமா இருக்கு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே சொன்னியா, சரி, நான் ஒருத்திதான் பயந்துட்டுக் கெடக்கேன்னு நெனச்சேன். இப்பப் பரவால்லண்ணா." பாட்டை முதலிலிருந்து இன்னொரு தரம் கேட்டாள். தள்ளுகட்டிலோடு நர்ஸ் வந்ததும் ஹெட்போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் குரல் கொஞ்சம் தடித்து, ஆனால் அவள் குரலாகவே திரும்பியது. இப்போதும் அதே கடையில் தொலைந்த குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள், என்னையும் விடாமல் வம்புக்கு இழுக்கிறாள். அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு அந்தக் கதவு மூடியபோது எங்களுக்கு எதுவும் தெரியாது. வராந்தா பெஞ்சில் அவர் வலது கால் மறுபடி தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.