பாண்டியம்மாள் அக்காவின் ஆடி முதல் நாள்

செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவின் எண்ணிலிருந்து போன் வந்தது. வழக்கம்போல "ஏ தம்பி, சர்வர் ஓடுதா?" என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எடுத்தவுடனே "ஓடுதுக்கா" என்றேன். மறுமுனையில் அவருடைய கணவர். "தம்பி, அக்கா போயிட்டா. டீ போட்டுக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் உசுரு இருந்துச்சு" என்றார். நான் "சரிண்ணே, சரிண்ணே" என்று நாலைந்து முறை சொன்னேன். சாவுச் செய்திக்குச் சரி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். போனை வைத்த பிறகு அழுகை வரவில்லை. அவரிடம் முடிக்காமல் வைத்திருந்த ஒரு காரியம் இனி அவரிடம் முடியவே முடியாது என்பதுதான் முதலில் உறைத்தது.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ராமநாதபுரத்தில் எங்கள் சங்கம் ஒரு தகவல் மையம் நடத்துகிறது. விவசாயக் கிராமங்களுக்கு மழைச் செய்தி, கரையோர ஊர்களுக்குக் காற்றுச் செய்தி. எங்கள் கணினியிலிருந்து வானொலி அலை வழியாகப் போய் ஒவ்வொரு ஊர் ஒலிபெருக்கியிலும் அது பேசும். அந்தக் கணினி முழுக்க முழுக்கப் பாண்டியம்மாள் அக்காவின் பொறுப்பு. நான் அலுவலக எழுத்தர்; கடிதம், அறிக்கை, ரிஜிஸ்டர் என்று தாள் சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில்.

அக்கா விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து வந்தவர். அது எப்படி முடிந்தது என்று கேட்டால் ஒரு பெரிய கதை வரும் என்று எதிர்பார்த்து ஒருநாள் கேட்டேன். "பஸ்ல போனேன், படிச்சேன், வந்தேன்" என்றார். கணினி வேலை கஷ்டமா என்றதற்குத்தான் கொஞ்சம் யோசித்தார். "களையெடுக்குற மாதிரிதான் தம்பி. அவசரப்பட்டா நெல்லப் பிடுங்கிருவோம்."

காரங்காட்டில் ஒருமுறை ஒலிபெருக்கி பேசவில்லை. அங்கே பொறுப்பில் இருந்தவர் போனில் பதறுகிறார். எல்லாம் போச்சு, பெட்டியே செத்துப்போச்சு என்கிறார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "பச்சை லைட்டு எரியுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க." எரியவில்லை. "பின்னாடி வயரு உள்ள இருக்கா, வெளிய தொங்குதா?" தொங்கியது. அவ்வளவுதான் கோளாறு. வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மெஷின் பொய் சொல்லாது. ஆனா கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும். நாமதான் பாத்துக் கேக்கணும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் அன்றைக்கே சரியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அந்தக் கணினிக்குப் புதிய மென்பொருள் வாங்கினோம். எங்கள் தலைவர் உத்தரகோசமங்கைப் பக்கத்து நிலக்காரர், நல்ல மனிதர், நாள் பார்க்காமல் நகம் கூட வெட்டமாட்டார். ஆனி மாதத்துக்குள் புது வேலையைத் தொடங்கிவிட வேண்டும், ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. மதுரையிலிருந்து சிடி வந்து சேர்ந்ததோ ஆடி முதல் நாள் காலையில். மென்பொருளுக்கான அனுமதிக் கோப்பும் அன்று காலைதான் மின்னஞ்சலில் வந்தது. அக்காவுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். பழைய மென்பொருளை எடுத்தால்தான் புதியது ஏறும் என்று அதை எடுத்துவிட்டு, "மாடில ஆன்டெனாவப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் இங்கனயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் போன் செய்தார். "ஏப்பா முருகேசா, ஆடி பொறந்துருச்சேப்பா. நேத்தே ஒரு கை வச்சுட்டீங்கள்ல?"

"வச்சுட்டோம்ங்கய்யா" என்றது என் வாய்.

"அது போதும். ஆரம்பிச்ச தேதியோட ஒரு தாள் எடுத்து வையி. சாயங்காலம் வாரேன், சாமி படத்துக்கிட்ட வைக்கணும்."

எங்கள் அப்பா அவருடைய நிலத்தை வாரத்துக்கு, விளைச்சலில் பங்குக்கு, உழுகிறவர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். அவரிடம் "இல்லங்கய்யா, பொய் சொல்லிட்டேன்" என்று திருத்திச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மென்பொருள் ஏறி முடிந்ததும் வரும் அறிக்கையில் தேதியைக் கணினி தானாகவே அச்சடிக்கும். ஆகவே கணினியின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளினேன். மணி அப்படியே இருந்தது. நாள் மட்டும் ஆனிக்குத் திரும்பியது. வேலை முடிந்ததும் சரிசெய்துவிடலாம், யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

அக்கா இறங்கி வந்து மென்பொருளை ஏற்றினார். பாதியில் நின்றது. திரையில் ஒரு எண், அதற்குமேல் விளக்கமில்லை. மறுபடி ஏற்றினார், அதே இடத்தில் நின்றது. சிடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். கரண்ட் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். மதுரைக்குப் போன் போட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம், திரும்பப் போடுங்க" என்றார்கள். பழைய மென்பொருளின் சிடியும் அவர்களிடம்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து முறை ஏற்றி ஐந்து முறையும் நின்றுவிட்டது.

"நான் மாடில இருந்தப்ப எதையாச்சும் தொட்டியா தம்பி?"

"இல்லக்கா."

ஒரு மணிக்கு மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. தொட்டிருந்தாலும் தப்பில்ல. எதத் தொட்டன்னு மட்டும் சொல்லு, போதும்."

"இல்லக்கா. சும்மாதான் உக்காந்திருந்தேன்."

தேதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை என்றால் எனக்கு ஏன் வேர்த்தது? அவர் ஒரு நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் சாப்பிடக் கூட எழுந்திருக்கவில்லை.

இரண்டரை மணிக்கு வானிலைச் செய்தி போனில் வந்தது. மாலையில் கச்சான் காற்று கடுமையாக வீசும், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போக வேண்டாம். கச்சான் என்பது மேற்கிலிருந்து வருவது. கரையில் நிற்பவனுக்குக் கடல் தட்டையாகத்தான் தெரியும். உள்ளே போன பிறகுதான் படகை இலங்கைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆகவே யாராவது சொன்னால்தான் உண்டு. அக்கா ஊர் ஊராகப் போன் செய்தார். காரங்காட்டில் எடுத்துவிட்டார்கள். திருப்பாலைக்குடியில் மட்டும் போன் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அங்கே நாலு மணிக்குள் படகுகள் இறங்கிவிடும்.

அக்கா சுவர் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி போட்டு, எச்சரிக்கையை ஒரு தாளில் எழுதி என் கையில் திணித்தார். "வண்டிய எடு. நேரா கரைக்குப் போ. யாரு கிடைச்சாலும் சத்தமா வாசி. நான் இங்கன இதோட மல்லுக்கட்டுறேன்." வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்த அறையை விட்டுத் தப்பித்தோமே என்ற நிம்மதிதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பக்கவாட்டுக் காற்றில் வண்டி திணறியது. நான் கரையில் கால் வைக்கும்போது மூன்றே முக்கால் இருக்கும். மூன்று படகுகள் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றார்கள். தாளைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி வாசித்திருப்பேன், தலைக்குமேல் ஒலிபெருக்கி கரகரத்து, அதே எச்சரிக்கையைச் சொன்னது. அக்கா மெஷினை ஓட்டிவிட்டார். இறங்கத் தயாராக நின்ற படகுகளை ஆட்கள் மேலே இழுத்தார்கள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

காளியம்மா என்ற அம்மா என்னிடம் வந்தார். போன படகு ஒன்றில் அவருடைய மகன் இருந்தான். "நீதான ஆபீசு? இத அரை மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா எம் மகன் போயிருப்பானாய்யா?"

"மெஷின்ல கோளாறும்மா" என்றேன்.

"ஆரு அந்த மெஷினப் பாக்குறது?"

"பாண்டியம்மான்னு ஒருத்தங்க."

நான்தான் சொன்னேன், என் வாயால் சொன்னேன். அந்த அம்மா ஒரு கை மணலை அள்ளி நகரத்துப் பக்கமாக வீசினார். "அவ கை வெளங்காமப் போக. எங்க வயித்தெரிச்சல் அவளச் சும்மா விடுமா?"

பொழுது சாயும்போது இரண்டு படகுகள் திரும்பின. மூன்றாவது வரவில்லை. காளியம்மா கரையை விட்டு நகரவில்லை, நானும் நகரவில்லை. விடிந்து வெகுநேரம் கழித்து, காரங்காட்டிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து செய்தி சொன்னார்: பாய் கிழிந்து, எப்படியோ அலையாத்திக் காட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறார்கள், எல்லோருக்கும் உயிர் இருக்கிறது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகம் வந்தேன்.

அக்கா தனியாகத்தான் இருந்தார். "காலண்டரப் பாத்துத் தேதி போட்டு ஒனக்குத் தாள் எழுதுனேன்ல. நீ போனதும் மெஷினப் பாக்குறேன், அது இன்னும் ஆனியிலயே நிக்கிது. அனுமதி ஆடி ஒண்ணாந் தேதியில வந்திருக்கு. ஆனியில நிக்கிற மெஷினுக்கு அது இன்னும் பொறக்கவே இல்ல. அதான் அத்தன தடவையும் வேணாம் வேணாம்னு தள்ளியிருக்கு" என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. கோளாறை விளக்கும் குரல். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், காளியம்மாவிடம் சொன்ன பெயரைத் தவிர. கேட்டு முடித்துவிட்டு, "ஒரு மணிக்குச் சொல்லியிருந்தா ஒண்ணேகாலுக்கு முடிஞ்சிருக்கும்" என்றார். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

அடுத்த வாரம் கூட்டத்தில் தலைவர் கோபமாக இருந்தார். "மூணு படகு கடலுக்குப் போயிருக்கு. ஆனியில ஆரம்பிச்சத ஆடிக்கு இழுத்தா இப்பிடித்தான் ஆகும். யாரு செஞ்ச தப்பு இது?" அக்கா என்னைப் பார்த்தார். எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மெஷின விட்டுட்டு மாடிக்குப் போனது நாந்தாங்கய்யா. பொறுப்பு என்னுது" என்றார் அவர். அன்றிலிருந்து சங்கத்தில் அது "பாண்டியம்மா கோட்டைவிட்ட நாள்" ஆனது. பதினாறாம் நாள் காரியத்தன்று கூட பந்தலில் ஒருவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். மூன்று வருடங்களில் அக்கா ஒருமுறை கூட அதைத் திருத்தவில்லை, எனக்கு நினைவூட்டவும் இல்லை. என்றாவது நானே திருத்துவேன் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்க முடியாது.

அவரை அறிந்தவர்களே, கோட்டைவிட்டது முருகேசன். கோளாறைக் கண்டுபிடித்து மற்றப் படகுகளைக் கரையில் நிறுத்தியது பாண்டியம்மாள். அவர் சுமந்த பழியைத்தான் அவருடைய நினைவுப் பொருளாக நான் எடுத்துக்கொள்கிறேன். வேறு எதற்கும் எனக்கு உரிமை இல்லை. இதுவரை எழுதியதைத் தலைவரிடம் நேற்றே கொடுத்துவிட்டேன். இன்னும் ஒருவர் பாக்கி. காளியம்மா இப்போதும் எங்கள் அக்காவைத்தான் வைதுகொண்டிருப்பார். நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருப்பாலைக்குடிக்குப் போகிறேன், அந்த மணலை என்மேல் போடச் சொல்ல.