கமராவைப் பார்த்த ரஞ்சி அன்ரியும் ஒரு பிரெஞ்சுப் படமும்

கடந்த சனிக்கிழமை பழைய பிரெஞ்சுப் படங்களின் விழா ஒன்றுக்காக மில்லிக்கனிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்குப் போனேன். கலை ஆர்வம் பாதிதான். மீதி, வீட்டில் இருப்புக் கொள்ளாததால். எங்கள் குறும்படத்தை அன்று மாலைக்குள் ஒரு போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். எடிட்டர் சுதனோ, என் உறவுக்கார ரஞ்சி அன்ரி வரும் ஒரே காட்சியை வெட்டச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றான்.

ஒபிஸ் துப்புரவாக்கும் பெண்ணாக நடித்த அன்ரி, நடுவில் நேராகக் கமராவைப் பார்த்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே எந்தக் கலியாணவீட்டுக்குப் போனாலும் வீடியோக்காரர் சாப்பாட்டு மேசைக்கே வந்து, "இஞ்சை பாருங்கோ, சிரியுங்கோ" என்பார். கமராவைக் கண்டால் பார்ப்பது எங்கள் சனத்துக்கு ஊறிப்போன பழக்கம். ஆனால் பிக்கரிங்கில் உள்ள உறவெல்லாம் அன்ரி நடித்ததை அறிந்துவிட்டது. வெட்டினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்த இலட்சணத்தில் அன்ரியையே துணைக்குக் கூட்டிப்போனதுதான் என் கெட்டித்தனம். ரயிலில் வாரஇறுதி நாள் டிக்கெட் பத்து டொலர். முக்கால் மணிநேரம்கூட ஆகாது. சுதனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"என்ன தம்பி, பாத்ரூம் போகோணுமோ?"

"இல்லை அன்ரி."

படத்துக்கு முன் ஒருவர் பேசினார். காசு வாங்கித் திரையில் படம் காட்டத் தொடங்கிய காலத்திலேயே பாரிஸ் முன்னுக்கு நின்றதாம். பிறகு அங்கே சில இளைஞர்கள் ஸ்ரூடியோவை விட்டுக் கமராவைத் தெருவுக்குத் தூக்கிவர, அந்தத் துணிச்சல் ஹொலிவூட், கியூபெக், கல்கத்தா என்று பரவியதாம். ஸ்காபரோ பிளாசாக் கடைகளுக்கு முன்னால் லைட் இல்லாமல் படமெடுக்கும் நாங்களும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்தான்.

படத்தின் முடிவில் சலவைக்கடையைப் பூட்டிய பெண் திரும்பி, கமராவூடாக எங்களையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"உவளும் பாத்திட்டாள்!" அன்ரி உரக்கச் சொல்ல, முன்வரிசை திரும்பியது.

வெளியே வந்ததும் சுதனுக்குப் போன் அடித்தேன். "வெட்டாதை."

"அப்ப என்ரை பேரைப் போடாதை."

"சரி."

அன்ரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "என்னையோ வெட்டப் பாத்தனீங்கள்?"

"நீங்கள் மறந்துபோய்க் கமராவைப் பாத்திட்டியள், அன்ரி. அதுதான்..."

"ஆர் மறந்தது? கிளீனரை ஆரும் நிமிந்து பாக்கிறேல்லை. அதுதான் நான் பாத்தனான்."

படம் போட்டிக்குப் போய்விட்டது. சுதனின் பெயர் அதில் இல்லை. அந்த உளைச்சல் இன்னும் ஆறவில்லை. விழாவுக்குப் போக நினைப்பவர்கள் காரை விட்டு ரயிலில் போங்கள். நேரத்துக்குப் போங்கள், இடைவேளை கிடையாது. படம் எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று: நடித்தவரைக் கூட்டிப்போங்கள். ஏன் பார்த்தீர்கள் என்று நானோ சுதனோ அதுவரை அவரிடம் ஒருதரம்கூடக் கேட்டிருக்கவில்லை.