ஏழாவது இன்னிங்ஸ் வெளிநடப்பு

முப்பத்தொன்று. அத்தனை சீசன்களில் பெர்னி ஹ்ருஸ்கா ஒரு பேஸ்பால் ஆட்டத்தில்கூடக் கடைசி அவுட் விழும் முன் இருக்கையை விட்டு எழுந்து போனதில்லை. எங்கள் அணி பன்னிரண்டு ரன் பின்தங்கிக் கிடக்கும், ஏரிக்காற்று எலும்பைக் குடையும், அவள் மடியில் ஸ்கோர் அட்டை, காதில் பென்சில்.

நானும் அவளும் தகடு அடிக்கும் ஆலையில் ஒரே ஷிப்ட். இரண்டு வேலைநிறுத்தம் பார்த்தவள், மறியலை மீறி ஒருநாளும் வேலைக்குப் போகாதவள்.

அணியின் முதலாளி நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் விற்றுத் தீர்த்தார். போன வருடம் தொண்ணூற்றாறு தோல்வி. ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து வெளியேறுவோம் என்று துண்டறிக்கை அடித்தேன். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெர்னி மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"முதலாளியை விட்டுட்டு வரலாம்யா. ரெண்டாவது பேஸ்ல நின்னு ஆடுற பையன் என்ன பாவம் பண்ணினான்?"

"வேலைநிறுத்தத்தப்ப ஆலை வாசல்ல இப்படியா பேசினே?"

முறைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் ஞாயிறு, பிற்பகல். எட்டுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எழுந்தேன். மைதானமே எழுந்தது! அப்புறம் மைதானத்து ஆர்கன் இசை ஒலித்தது. கையைக் காலை நீட்டி, வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எந்த ஆட்டத்திலும் அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்துதான் நிற்பார்கள். ஐம்பது வருடமாக நானும் நிற்கிறேன்.

பெர்னி அட்டையை மடித்தாள். "ரே, நீ சங்கம் நடத்தினவன்தானே? உனக்கு வேற நேரமே கிடைக்கலையா?"

"உக்காரு பெர்னி. விட்டுத் தொலை. உன் முப்பத்தொண்ணு எதுக்குக் கெடணும்?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. நட."

வாசல் கம்பி எங்களுக்குப் பின்னால் சுழன்று நின்றது. வெளியே போனவரை மறுபடி விட மாட்டார்கள். வேலியில் சாய்ந்து பையிலிருந்து ரேடியோவை எடுத்தாள். அட்டையை முழங்காலில் வைத்து, கேட்டுக் கேட்டுக் கட்டங்களை நிரப்பினாள். உள்ளே ஒருமுறை பெரிய கூச்சல் எழுந்தது. தலையைத் திருப்பினாள். செங்கல் சுவர்தான் தெரிந்தது.

ஒன்பதாவதுதான் கடைசி இன்னிங்ஸ். அதில் எங்கள் ஆட்டக்காரர் இருவர் ஒரே பந்தில் அவுட். ஆட்டம் முடிந்தது. கடைசிக் கட்டத்திலும் எழுதினாள்.

"கண்ணால பாக்காமத் தோத்தது இதான் மொத தடவை."

"கோவமா?"

"கால் வலிக்குது. நம்ம கூட எத்தனை பேரு வந்தாங்க? அதைச் சொல்லு."

வேலியோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தேன். அவளையும் என்னையும் சேர்த்து எண்ணினேன்.

நான்கு.