பவர் கூடுன மாத்திரை

ரஞ்சிதா மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, கைகளைத்தான் பார்ப்பாள். சேறு காயாத கை என்றால் அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரியும்: “நல்ல பவரானதாக் குடு ஆத்தா.”

இலுப்பூர்க் கடைத்தெருவில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பவர் கேட்காமல் யாரும் படியிறங்குவதில்லை. மாத்திரை பெரிதென்றால் பவர். சிவப்பென்றால் இன்னும் பவர். கசந்தால் சொல்லவே வேண்டாம். சின்னதாய், வெள்ளையாய் நீட்டினால், “என்னாத்தா இது, பல்லிமுட்டை கணக்கா?” என்று தள்ளிவிடுவார்கள். போன வருஷம் ஒருவர் பவர் மாத்திரை தின்ற வேகத்தில், மாட்டை அவிழ்த்துவிட்டுத் தானே ஏரில் பூட்டிக்கொண்டு அன்னவாசல் வரை உழுதுகொண்டே போய்விட்டார். நம்பாதவர்கள் மாட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

ரஞ்சிதாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காலையிலிருந்து நின்றே வியாபாரம். முக்காலியை முதலாளி குடோனில் போட்டுப் பூட்டிவிட்டார். கால் மாற்றிக் கால் மாற்றிக் கொக்காய் நிற்பாள். வீங்கிய கணுக்காலில் ஏறாத கொலுசு கைப்பையில் கிடக்கிறது.

மீனம்மாள் நடவுக்குப் போகிறவள். முட்டி வலிக்குத் தினம் வலிமாத்திரை தின்று கிட்னி கெட ஆரம்பித்திருந்தது. இனி ஒன்றுகூடத் தொடக்கூடாதென்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் கேட்பதை விடவில்லை. ரஞ்சிதாவும் புளியங்கொட்டைப் பருமனில் ஒரு சிவப்புச் சத்து மாத்திரையைக் கொடுத்து, “இருக்கறதுலயே இதான் அத்தை பவரு” என்று ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்று அது பலிக்கவில்லை.

“ஏண்டி, இம்புட்டு நாளா மிட்டாயவா குடுத்த? முட்டி குத்தி எடுக்குது. விடிஞ்சா நடவு.”

“வேணாம் அத்தை, கிட்னி போயிரும்.”

“நடவு போச்சுன்னா சோறு போயிரும். நீ தராட்டிப் போ. அங்கிட்டு வேற கடையா இல்ல?”

மீனம்மாள் படியிறங்கினாள். ரஞ்சிதா, தரமாட்டேன் என்ற அதே வலிமாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள், தன் காலுக்கு. தினமும் இந்நேரத்துக்கு ஒன்று. தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கையில், குடையை மறந்துபோன மீனம்மாள் திரும்பி வந்து நின்றாள்.

“நல்லாருக்குடி ஒன் நாயம்!” உள்ளங்கையை நீட்டினாள். “வா, ஆளுக்குப் பாதி.”

ரஞ்சிதா மாத்திரையைக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு குடையை எடுத்து நீட்டினாள். வேறு கடைக்குக் கிளம்ப மீனம்மாள் இழுத்துப் பார்த்தும், ரஞ்சிதா மறுமுனையை விடவில்லை.