நாற்பத்துமூன்றுக்கு நாலு குறைவு

ஹெலன் மதுக்கடையில் செஸ்டர் வொய்டானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேனேஜர்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். வேலை என்னவோ ஏரிக்கரை ஊரான லொரெய்னின் நகராட்சியில்தான். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவது, கோடையில் சாலைப் பள்ளங்களுக்குத் தார் போடுவது. மேனேஜர் பட்டம் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியால் வந்தது. முப்பது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கடையில் உட்கார்ந்து, பொரித்த மீனும் பீருமாக, அணியில் யாரை வைத்துக்கொள்வது, யாரை மாற்றிக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்று தீர்ப்பு சொல்லி வந்தார். பத்தில் எட்டு தீர்ப்பு பலித்தது. சனிக்கிழமை காலையில் விளையாட்டு வானொலிக்கும் போன் போடுவார். முதுகு பிடித்துக்கொண்ட ஓர் ஆட்டக்காரனைப் பற்றி, "குதிரையா இருந்தா சுட்டிருப்பாங்க, இவனுக்கு நாலு வருஷ ஒப்பந்தம் குடுத்திருக்காங்க" என்று அவர் சொன்னதை ஊரே ஒரு வாரம் திருப்பிச் சொல்லிச் சிரித்தது.

அந்த ஆட்டக்காரன் பிறகு என்ன ஆனான் என்று செஸ்டர் நினைத்துப் பார்த்ததில்லை. யாரும் நினைத்ததில்லை.

அவருடைய ஒரே மகள் தெரேசா, கெர்பி லாட்னர் என்ற மிசிசிப்பிக்காரனைக் கட்டிக்கொண்டிருந்தாள். இடதுகைப் பந்துவீச்சாளன், அதாவது பிட்சர். ஒன்பது வருஷமாகக் கீழணிகளில், சின்னச் சின்ன ஊர்களில், பஸ்ஸில் போய்ப் போய் ஆடியவன். முப்பத்துமூன்று வயது. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் மாமனாரை 'சார்' என்றே அழைப்பான். அவன் ஊர் வளர்ப்பு அப்படி. பெரிய அணிகள் அவனை இரண்டு தடவை மேலே கூப்பிட்டு, இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருந்தன. இரண்டும் சேர்த்து இருபத்தேழு நாள்.

இந்த நாள் கணக்குதான் தெரேசாவின் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய அணியின் பட்டியலில் மொத்தம் நாற்பத்துமூன்று நாள் பெயர் இருந்துவிட்டால் ஆட்டக்காரனுக்கு வயதான காலத்தில் ஓய்வூதியம் உண்டு. நாற்பத்திரண்டு நாள் இருந்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

ஜூலை மாதம் ஹெரன்ஸ் அணி கெர்பியை மேலே கூப்பிட்டது. இன்னும் பதினாறு நாள் தேவை. அணியின் மைதானம் செஸ்டர் வீட்டிலிருந்து முப்பது மைல். கெர்பி, தெரேசா, நாலு வயதுப் பேத்தி ஜூன், மூன்று பேரும் வந்து அவர் வீட்டு மாடியில் தங்கினார்கள். மனைவி இறந்துபோனபின் மூன்று வருஷமாகப் பேச்சுச் சத்தமே இல்லாதிருந்த வீடு. காலையில் குழந்தை மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் சத்தத்துக்காகவே செஸ்டர் சீக்கிரம் எழுந்தார். முதல் வெள்ளிக்கிழமை மதுக்கடையில் எல்லாருக்கும் அவர்தான் பீர் வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. வியாழக்கிழமை ஆட்டத்தில், இரண்டு ஓட்டம் முன்னிலையில் இருந்த அணியை எட்டாவது இன்னிங்ஸில் கெர்பி கவிழ்த்திருந்தான். அவன் பந்தை அடுத்தடுத்து இரண்டு பேர் மைதானத்துக்கு வெளியே ஹோம் ரன்னாக அடித்துவிட்டார்கள்.

செஸ்டர் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. முடிவெட்டுகிற டுவேன் சோப்கோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் மானி கராஸ்கியோ நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரு மேனேஜர். மீன் இன்னைக்கு நல்லா இருக்கு."

"மீனைப் பத்திப் பேசவா இத்தனை அமைதி?" என்றார் செஸ்டர். "சொல்லுங்கடா. என் முதுகுக்குப் பின்னாடி பேசறதை மூஞ்சிக்கு நேரா பேசுங்க."

டுவேன் முட்கரண்டியை வைத்தான். "சரி, சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஹானிகன் காயம் ஆறித் திரும்பறான். அவனுக்கு இடம் குடுக்க ஒரு பிட்சர் போயாகணும். உன் மாப்பிள்ளை, இல்லைன்னா அந்தச் சின்னப் பையன் வெலெஸ். நீயே சொல்லு."

"வெலெஸைத்தான் அனுப்பணும். அவனைக் கீழே அனுப்பிட்டு எப்ப வேணா திரும்பக் கூப்பிட்டுக்கலாம். கெர்பிக்கு அந்த வசதி கிடையாது. அவனைக் கீழே அனுப்பணும்னா முதல்ல மத்த எல்லா அணிக்கும் காட்டணும். எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். சும்மா ஒரு இடதுகை பிட்சரை இழக்கறதா?"

"இழந்தா என்ன?" என்றான் டுவேன். "மேனேஜர், கோவிச்சுக்காதே. இதுவே வேற ஒருத்தனா இருந்தா நீ என்ன சொல்லியிருப்பே? வேகம் போச்சு. வளைவும் வளையலை. வெலெஸுக்கு இருபத்துமூணு வயசு, பந்து தீ மாதிரி வருது. உங்கிட்டதான்டா நான் இதெல்லாம் கத்துக்கிட்டேன்."

"நாப்பத்துமூணுக்கு இன்னும் நாலு நாள்டா," என்றார் செஸ்டர். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"அணி என்ன தர்ம சத்திரமா?" என்று கேட்டுவிட்டு டுவேன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அது செஸ்டருடைய வாசகம். ஏப்ரலில் வேறொரு கிழட்டுப் பந்துவீச்சாளனைப் பற்றி இதே மேஜையில் அவர் சொன்னது.

மானி, "விடு டுவேன்" என்றான். செஸ்டர் மீனைத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை கெர்பியும் தெரேசாவும் குழந்தையோடு கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வானொலிக்குப் போன் போட்டார். பெயர் எட் என்றும், ஊர் எலிரியா என்றும் சொன்னார். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டார். வெலெஸ் இன்னும் பழுக்கவில்லை, இரண்டு வாரம் கீழே இருந்து வந்தால் அவனுக்கே நல்லது, லாட்னர் மாதிரி அனுபவஸ்தன் கடைசிக் கட்டத்தில் தேவைப்படுவான் என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

நிகழ்ச்சி நடத்துகிறவன் முழுக்கக் கேட்டான். பிறகு சிரித்தான்.

"செஸ்டர், நீங்கதானே? இருபது வருஷமா உங்க குரலைக் கேக்கறேன். இருமினாக்கூடத் தெரியும்."

செஸ்டர் தாளை மடித்தார். அவன் விடவில்லை.

"லாட்னர் உங்க மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டேன். பாசம் இருக்க வேண்டியதுதான். ஆனா மார்ச் மாசம் நீங்க இதே நிகழ்ச்சியில சொன்னது ஞாபகம் இருக்கா? முப்பது தாண்டின இடதுகை பிட்சரை வெச்சிருக்கறது, காலியான பாட்டிலைப் பிரிட்ஜுல வெக்கிற மாதிரின்னு."

செஸ்டர் போனை வைத்துவிட்டார். சமையலறை மேஜையில் கைகளை ஊன்றி நின்றபடியே இருந்தார். பத்து நிமிஷத்தில் வாசலில் கார் வந்து நின்றது. தெரேசா மளிகைப் பைகளோடு உள்ளே வந்தாள், கண் சிவந்திருந்தது. காரில் அதே நிகழ்ச்சிதான் ஓடியிருக்கிறது.

"ஏன்ப்பா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

கெர்பி பாலை எடுத்துப் பிரிட்ஜில் வைத்தான். வலது கையால். முட்டை அட்டையையும் வலது கையால். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. பன்னிரண்டு நாளாகப் பக்கத்திலேயே இருந்தும் செஸ்டர் அன்றுதான் அதைக் கவனித்தார்.

"முழங்கையா?"

கெர்பி கதவை மூடினான். "மூணு வாரமா, சார்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லை. தினமும் கேப்பாங்க. வலி இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவேன்."

செஸ்டர் சட்டென்று நிமிர்ந்தார். வழி இருந்தது. நாற்காலியை இழுத்து அவனை உட்காரவைத்தார். "கேளு. இன்னைக்கே போய்ச் சொல்லு. கை வலிக்குது, பந்து போட முடியலைன்னு சொல்லு. காயக்காரங்க பட்டியல்ல போடுவாங்க. அதுல இருந்தாலும் நாள் ஓடும். நாலு நாள் என்ன, நாப்பது நாள் ஓடும். அந்தப் பட்டியல்ல இருக்கறவனைக் கழட்டிவிட முடியாது. புரியுதா?"

"புரியுது, சார். எனக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"முழங்கைன்னு ஒருதடவை எழுதிட்டா அடுத்த வருஷம் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். அப்ப முப்பத்துநாலு வயசு, ஏற்கெனவே ஒரு ஆபரேஷன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, சார். வளைவுப்பந்து திரும்ப வருது. நேத்து பயிற்சியில வந்தது."

செஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் ஆட்டக்காரர்களை எடைபோட்ட கண் அவருக்கு. அதை மூடிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு உனக்குக் கிடையாதுடா, கெர்பி," என்றார். "முடிஞ்சுபோச்சு. போன வருஷமே முடிஞ்சுபோச்சு. இருக்கறது இந்த நாலு நாள்தான்."

சொல்லி முடித்தபோதுதான் மாடிப்படியில் தெரேசா நிற்பது தெரிந்தது.

கெர்பி கோபப்படவில்லை. மெல்லத் தலையாட்டினான். "நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, சார்" என்றான். பையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டான். அன்றைய ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸில் அவனைக் கூப்பிட்டார்கள். வீட்டில் தெரேசா தொலைக்காட்சியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். செஸ்டர் அறை வாசலுக்கு வெளியே நின்றே பார்த்தார். மட்டை பிடிக்க மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரையும் வெளியே அனுப்பினான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் இடது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டான். அறிவிப்பாளருக்கு அது வியர்வை துடைப்பதாகத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய அணியிலிருந்து அவனைக் கழற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியமே அவன் பெயரை மற்ற அணிகளுக்குச் சத்தமில்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். ஹெலன் கடையில் வாக்குவாதம் நடந்தபோதும், செஸ்டர் எட் ஆனபோதும், சனிக்கிழமை அவன் மூன்று பேரை வெளியே அனுப்பியபோதும் காரியம் முடிந்துதான் இருந்தது. மற்ற இருபத்தொன்பது அணிகளும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. முப்பத்தொன்பது நாளில் கணக்கு நின்றது. கீழணி இருக்கும் ஊருக்குக் கெர்பி அன்று மாலையே காரை ஓட்டிக்கொண்டு போனான்.

புதன்கிழமை ஒரு மாயம் நடந்தது. மேற்குக் கரை அணி ஒன்றில் ஒரே வாரத்தில் இரண்டு இடதுகைக்காரர்கள் காயம்பட்டார்கள். அவசரத்துக்குக் கெர்பியைக் கேட்டார்கள். ஹெரன்ஸ் கொடுக்கச் சம்மதித்தது. நேராகப் பெரிய அணிப் பட்டியலில் இடம். தார் லாரியில் இருந்த செஸ்டருக்கு மானிதான் போன் செய்து சொன்னான். பின்னால் கோடை முகாமுக்குப் போகும் பிள்ளைகள் கூச்சல் போட, பேருந்தை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான்.

"வித்துட்டாங்கடா மேனேஜர். உன் மாப்பிள்ளையை வித்துட்டாங்க. ஒரு மனுஷனை வித்ததுக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை."

செஸ்டர் சாலையோரத்தில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஆளை வாங்கும் அணி முதலில் அவன் உடம்பைச் சோதிக்கும். வியாழக்கிழமை கெர்பி அங்கே இறங்கினான். கையை ஸ்கேன் எடுத்தார்கள். முழங்கைத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. மாலைக்குள் பேரம் ரத்து. பதினைந்து நாளில் ஹெரன்ஸும் அவனை விடுவித்தது; மாமனார் வீட்டுக்கே திரும்பி வந்தான். ஆட்டக்காரர் சங்கத்து வக்கீல் பொறுமையாகக் கேட்டார். பெரிய அணியில் இருந்தபோதே காயம் பட்டதென்று நிரூபித்தால் நாள்களைக் கேட்டு வாங்கலாம் என்றார். பிறகு, தினமும் 'வலி இல்லை' என்று கெர்பி போட்ட கையெழுத்துகளைப் பார்த்தார். அப்புறம் போன் செய்யவில்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்கத் தெரேசா அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வரும், துணி மடித்துக் கட்டிலில் இருக்கும். கெர்பிதான் வழக்கம்போலப் பேசினான், அது இன்னும் கொடுமையாக இருந்தது. நவம்பரில் அவர்கள் மிசிசிப்பிக்குக் கிளம்பினார்கள். அங்கே அவன் அண்ணன் வேலி போடும் தொழில் வைத்திருந்தான். சாமான்களை ஏற்றும்போது செஸ்டர் கனமான பெட்டிகளைத் தானே தூக்கினார். குழந்தை முன்கூட்டியே இருக்கையில் ஏறி, எப்போது போவோம் என்று நச்சரித்தது.

தெரேசா கடைசியாக ஒருமுறை வீட்டுக்குள் போய் வந்தாள். அவர் முன்னால் நின்றாள்.

"அன்னைக்கு நீங்க அவர்கிட்ட சொன்னது சரிதான்ப்பா. எனக்கும் தெரியும். ஆனா அதை நீங்க சொல்லியிருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் ஊரே இருக்கே."

 அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் தெருமுனையில் திரும்பியபின்னும் செஸ்டர் ஏரிக்காற்றில் நின்றிருந்தார். உள்ளே போன் அடித்தது. டுவேன்.

"மேனேஜர், நாலு மாசமா ஆளையே காணோம். கேட்டியா, ஹானிகனை மாத்தப்போறாங்களாம். பதிலுக்கு ரெண்டு பசங்க. நல்ல பேரமா, இல்லையா? நாங்க இங்க அடிச்சுக்கறோம்."

ஹானிகனுக்கு இங்கே வீடு இருக்கிறதா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. டுவேனுக்குத் தெரிந்திருக்காது.

"தெரியலைடா," என்றார் செஸ்டர். முப்பது வருஷத்தில் முதல்முறையாக.

மறுமுனையில் டுவேன் பின்னால் கூச்சலிடுகிறவர்களை அடக்கினான். பிறகு, "சரி, வெள்ளிக்கிழமை வா. மீன் சாப்பிடலாம்" என்றான். செஸ்டர் போனை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்.