இங்கிலாந்து மணிக்கூடு

கல்முனைக் கடையொன்றில் தொங்கிய சாரனின் அட்டையை ஒரு கிழவர் உரக்க வாசித்தார்.

"வோவன் பை ஹேண்ட் இன் மருதமுனை. ஆகா, என்ன இங்கிலீஷ்!"

குரல் தெரிந்தது. என் டியூசன் சேர்.

சின்ன வயதில் அவரிடம் படித்தபோது ஒருநாள், பொருளைச் சொல்லி, செய்யப்பட்டதைச் சொல்லி, 'பை' போட்டுச் செய்தவரைச் சொல்லும் பாடம். உம்மா வீட்டுத் தறியில் சாரன் நெய்வதை வைத்து, 'த சாரோங் வோவன் பை மை மதர்' என்று கொப்பியில் எழுதிக் காட்டினேன். சேர் முகம் சுளித்து, சிவப்புப் பேனையால் வெட்டினார்.

"கொப்பியே சாயம் மணக்குது. இதெல்லாம் ஒரு உதாரணமா புள்ள? இங்கிலாந்தில செஞ்ச மணிக்கூடு எண்டு எழுது."

அன்று அந்த மனிசன் இடுப்பில் கட்டியிருந்தது என் உம்மா நெய்த சாரன். கையில் மணிக்கூடே இல்லை.

இன்றைக்கும் அட்டையைத்தான் தடவித் தடவி ரசித்தார். துணியைத் தொடவேயில்லை.