விமானக் கோபுரத்துக்கு ஆள் தயாரித்தோம்

பிள்ளைகளைப் பரீட்சையில் தேற்றிவிடும் தொழிலில் படிப்பு பாதி, பெற்றவர் ஆசை பாதி. மகனை டியூஷனுக்கு அனுப்பிவிட்டுச் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாததா?

சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். விமான நிலையக் கோபுரத்தில் இருந்துகொண்டு விமானங்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு நம் பையன்களை எடுக்கிறார்கள் என்று பேச்சு. முன்பு விமான நிலையத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர், காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டு முன்கூடத்தில் வகுப்பு ஆரம்பித்தார். பாடம் நடத்துவது அவர். எண்களை வாசித்து, பையன்கள் பிசகாமல் திருப்பிச் சொல்கிறார்களா என்று பார்ப்பது நான். என் ஆறாம் வகுப்பு அதற்குப் போதும்.

குருபோங் தகப்பனார்

குருபோங் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவுகிறவர். ஒரே மகன் சந்தானத்தைச் சைக்கிளில் வைத்து அழைத்து வந்தார். என் வீட்டுக்காரர் வேலையை விளக்கப் போனார்: ரேடியோ கெட்டுப்போன விமானத்துக்கு விளக்குக் காட்ட வேண்டும், பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது, மாற்றிக் காட்டினால் உயிர் போகும். தகப்பனார் காது கொடுக்கவில்லை.

"அதெல்லாம் எனக்கு எதுக்குங்க மாஸ்டர்? எம்பையன் பால்வாளி தூக்காம இருந்தா போதும்."

ரம்புத்தான்

சந்தானம் தங்கமான பிள்ளை. இருபது எண் வாசித்தாலும் ஒன்று பிசகாது. ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரத்தில் சிவப்பாய்ப் பழுத்ததாய்ப் பார்த்துப் பறித்து வரச் சொன்னேன். கூடை நிறையக் கொண்டுவந்தான். பாதி பச்சைக் காய். குரங்குகூடப் பழுத்ததைத்தான் பறிக்கும் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவன் இரண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எல்லாம் ஒரே கலராத்தானேம்மா இருக்கு?"

புள்ளிப் புத்தகம்

சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத இவனை வகுப்பிலிருந்து நிறுத்திவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வேலைக்கு எடுக்குமுன் நடக்கும் கண் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தைப் புரட்டுவார். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். பக்க வரிசை மாறுவதே இல்லை. போய் வந்த பையன்களைக் கேட்டு அந்த வரிசையை எழுதி வைத்திருந்தார். அதையும் நான் வாசிக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தகப்பனாரின் காய்த்துப்போன கை கண்ணில் வந்து நின்றது. முருகா என்று சொல்லிவிட்டு வாசித்தேன்.

இரண்டே நாளில் ஒப்பித்துவிட்டான். கோபுரத்தில் விளக்குக்கு என்ன செய்வாய் என்று தனியாகக் கேட்டேன்.

"பக்கத்துல யாராச்சும் இருப்பாங்கம்மா, கேட்டுக்குவேன்."

புக்கிட் பாரு தாயார்

சந்தானம் தேறிவிட்டான். தகப்பனார் என் காலில் விழுந்தார். மறுவாரமே அதைக் கேள்விப்பட்டுப் புக்கிட் பாருவிலிருந்து ஒரு தாய் வந்தாள். அவள் மகனுக்கும் அதே கண். இது பாவம், விமானத்தில் எத்தனையோ உயிர் இருக்கிறது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"குருபோங் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தப்போ அந்த உயிரெல்லாம் எங்கக்கா போச்சு?"

எங்கள் தொழில் தர்மம் இவ்வளவுதான்: அவள் பிள்ளைக்கும் நானே வாசித்தேன், விமானத்தில் ஏறுகிறவர்களை முருகன் தலையில் கட்டிவிட்டேன்.